கால்வாய் யாருடையது? வாக்கு எங்கே போயிற்று?



தமிழ்மொழிப் பாடத்தில் ‘அலுவல் கடிதம்’ என்றொரு பகுதி உண்டு. குடியிருப்புப் பகுதியில் குப்பை அகற்றப்படவில்லை, கால்வாய் அடைபட்டுள்ளது, தெருவிளக்கு எரியவில்லை. இவை குறித்து நகராண்மைக் கழகத் தலைவருக்குப் புகார்க் கடிதம் எழுதுக என்ற வகையிலான கேள்வியைப் பல்லாண்டுகளாக நாம் கொடுத்துவருகிறோம். மாணவர்களும் அழகாக எழுதுகிறார்கள். துர்நாற்றம், ஏடிஸ் கொசு, டிங்கிக் காய்ச்சல் ஆகிய மூன்றும் தவறாமல் வந்துவிடும். ‘தாங்கள் விரைந்து நடவடிக்கை எடுப்பீர்கள் எனப் பெரிதும் எதிர்பார்க்கிறோம்’ என்று முடிப்பார்கள். நாமும் மகிழ்ந்து மதிப்பெண் இடுகிறோம்.

ஆனால், அந்தக் கடிதத்தைப் பெறுகின்றவரை அந்தப் பதவியில் அமர்த்தியவர் யார்? அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? கடிதத்திற்குப் பயன் விளையாவிட்டால் குடியிருப்பாளர் அடுத்து என்ன செய்ய முடியும்? இவற்றை நாம் கற்பிப்பதில்லை. கற்பிக்க முனைந்தால், நம் நாட்டு மக்களாட்சியில் அறுபது ஆண்டுகளாக நிரப்பப்படாமல் இருக்கும் ஓர் ஓட்டையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

பேசுவதற்கு எடுத்துக்காட்டாக ஓர் ஊர் வேண்டும். நம் மக்கள் பலரும் அறிந்த கடலோர ஊரான போர்ட்டிக்சனை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஒரு நகராண்மைக் கழகத்தையும் குறைகூறுவது என் நோக்கமன்று. இங்குச் சொல்லப்போவது லூமுட்டுக்கும் பொருந்தும்; கோலசிலாங்கூருக்கும் பொருந்தும்.

ஒரு கால்வாய், பல எசமானர்கள்

சிரம்பானிலிருந்து ஏறத்தாழ 32 கிலோமீட்டர் தொலைவில், மலாக்கா நீரிணையின் கரையில் இருக்கிறது போர்ட்டிக்சன். 1891ஆம் ஆண்டிலேயே சிரம்பானிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்த துறைமுகம் அது. சுற்றிலும் இரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் வெட்ட நம் மக்கள் வந்தார்கள். 1960களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. தெலுக் கெமாங் கடற்கரை வார இறுதி நாள்களிலும் பள்ளி விடுமுறைகளிலும் மக்களை ஈர்க்கும் இடமாயிற்று.

இத்தகைய ஊரில் வாழ்பவரின் கவலைகள் பெரும்பாலும் தண்ணீரோடும் குப்பையோடும் தொடர்புடையவை. முதலில் தண்ணீரைப் பார்ப்போம்.

மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி இருமுறை இறங்குகிறது. கடலோர ஊரின் கால்வாய்கள் யாவும் கடைசியில் கடலிலோ, கடலில் சேரும் ஆற்றிலோ சென்று முடிகின்றன. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய் நீர் வெளியேற வழியில்லை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பருவ மாற்றக் காலத்தில் மேற்குக் கரையில் மாலை வேளைகளில் இடியுடன் கனமழை பெய்யும். அம்மழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்துவிட்டால், தாழ்வான தாமான்களில் நீர் தேங்கும். இது இயற்கை. ஆனால், கால்வாயில் மண்ணும் குப்பையும் சேர்ந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் வடிய வேண்டிய நீர் விடியும் வரை நிற்கும். இது இயற்கையன்று, நிருவாகம்.

இப்போது அந்தக் கால்வாயைப் பின்தொடர்ந்து செல்லுங்கள். வீட்டின் முன்னும் பின்னும் ஓடும் சிறு கால்வாய் பொதுவாக ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் வருவது. அது கூட்டரசுச் சாலையின் அடியில் நுழையும்போது பொதுப்பணித் துறை வந்துவிடுகிறது. பெரிய வடிகாலாகவோ ஆறாகவோ மாறிக் கடலை அடையும் இடத்தில் நீர்ப்பாசன வடிகால் துறை வந்துவிடுகிறது. அருகிலுள்ள நிலம் மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காத நிலமாக இருந்தால், ‘அது தனியார் நிலம்’ என்ற பதிலும் வரும். வீட்டுக்குள் வந்த நீர் ஒன்றுதான். ஆனால், அதற்குப் பொறுப்பானவர் மூவர், நால்வர்.

குப்பையின் கதையும் இப்படித்தான். 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிருவாகச் சட்டம் 2011 செப்டம்பர் 1ஆம் நாள் நடப்புக்கு வந்தது. நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், பகாங், கெடா, பெர்லிஸ் ஆகிய மாநிலங்களிலும் கோலாலம்பூர், புத்ராஜெயாவிலும் குப்பை அகற்றும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமிருந்து கூட்டரசு நிறுவனத்தின் மேற்பார்வைக்கு மாறியது. வேலையைச் செய்வது குத்தகை பெற்ற தனியார் நிறுவனம். சிலாங்கூர், பேரா, பினாங்கு மாநிலங்கள் இதில் சேரவில்லை. ஆகவே, நெகிரி செம்பிலானில் வாழ்பவர் குப்பை குறித்து நகராண்மைக் கழகத் தலைவருக்கு எழுதும் கடிதம், நாம் பள்ளியில் கற்பித்த முறைப்படி எழுதப்பட்டிருந்தாலும், முகவரி மாறிய கடிதமே!

கழிவுநீர்க் குழாய்கள் 1990களிலேயே கூட்டரசின் கைக்குப் போய்விட்டன. குடிநீர் மாநில நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நிலம் நில அலுவலகத்தின் கையில் இருக்கிறது. தஞ்சோங் துவான் முனைக்குச் செல்லுங்கள். கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தக் காட்டைப் போர்ட்டிக்சன் என்றே எல்லாரும் எண்ணுகிறோம். ஆட்சி எல்லைப்படி அது மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது!

இத்தனை பிரிவினைகள் இருப்பது தவறென்று சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய துறை தேவைதான். ஆனால், இந்தத் துறைகள் அனைத்தையும் ஒரு மேசைக்கு இழுத்துவந்து, ‘எங்கள் ஊர்க் கால்வாய்க்கு என்ன வழி?’ என்று கேட்க ஒருவர் வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த முறை தம் பதவி போய்விடும் என்ற அச்சம் அவருக்கு இருக்க வேண்டும். அந்த ஒருவர்தான் நம்மிடம் இல்லை.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

இச்சிக்கல் எல்லா இனத்தாருக்கும் உரியது. எனினும், நம் சமுதாயத்திற்கு இதில் தனிப்பட்ட ஒரு வரலாறு உண்டு.

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நம் மக்களுக்கு ஊராட்சி மன்றம் என்பது தொலைதூரச் செய்தி. தோட்டம் தனியார் நிலம். அங்கே சாலையும் தண்ணீரும் விளக்கும் குடியிருப்பும் நிருவாகத்தின் கையில் இருந்தன. குறையிருந்தால் தண்டலிடம் சொல்ல வேண்டும். தண்டல் கிராணியாரிடம் சொல்வார். கிராணியார் துரையிடம் சொல்வார். துரை மனம் வைத்தால் நடக்கும். முறையிடுவது, காத்திருப்பது, நன்றி சொல்வது என்ற மூன்றையும் மூன்று தலைமுறைகளாகப் பழகினோம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மேம்பாட்டுக்குப் போய், மக்கள் நகர்ப்புறத்துத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்தனர். இப்போது பலர் சொந்த வீட்டுக்காரர்கள். பிப்ரவரி இறுதிக்குள் ஒரு முறை, ஆகஸ்டு இறுதிக்குள் ஒரு முறை என மதிப்பீட்டு வரி கட்டுகிறார்கள். கட்டாவிட்டால் வீட்டுப் பொருளைக் கைப்பற்றும் ஆணைகூட வரலாம். வாடகைக்கு இருப்பவரும் இந்த வரிக்குத் தப்பியவர் அல்லர். வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்தே வாங்குகிறார்.

முகவரி மாறியது. வரி வந்தது. ஆனால், பழக்கம் மாறவில்லை. தண்டலுக்குப் பதிலாகக் கட்சிக் கிளைத் தலைவர். கிராணியாருக்குப் பதிலாகக் கவுன்சிலர். துரைக்குப் பதிலாகச் சட்டமன்ற உறுப்பினர். கால்வாயைத் துப்புரவு செய்துவிட்டால் படமெடுத்து நன்றி சொல்கிறோம். நம் வரிப்பணத்தில் நடக்க வேண்டிய வேலைக்கு நன்றி சொல்வது பண்பாடாக இருக்கலாம். ஆனால், உரிமையை உதவி என்று எண்ணுவது அடிமைப் பழக்கத்தின் எச்சம் அல்லவா?

நம் வாழ்வில் ஊராட்சி மன்றம் தொடாத இடம் எது? கோயில் கட்டட அனுமதி, உணவுக்கடை உரிமம், காலைச் சந்தையில் இடம், பள்ளிக்கு முன்னால் உள்ள சாலைத் தடுப்பு, தீபாவளிச் சந்தை என யாவும் அந்த மேசைக்கே செல்கின்றன. 2007 அக்டோபர் இறுதியில், தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன், சா ஆலாமை அடுத்த பாடாங் ஜாவாவில் ஒரு மாரியம்மன் கோயில் மாநகர் மன்றத்தால் உடைக்கப்பட்டது. அந்தக் கொதிப்பு அவ்வாண்டு நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூர்ச் சாலைகளில் திரண்ட கூட்டத்திற்குக் காரணங்களுள் ஒன்றாயிற்று. 2008 மார்ச் 8ஆம் நாள் பொதுத்தேர்தலிலும் அது ஒலித்தது. எண்ணிப் பாருங்கள். முடிவெடுத்தது ஊராட்சி மன்றம். ஆனால், அம்மன்றத்தைத் தண்டிக்க மக்களுக்கு வழியில்லை. ஆகவே, நாட்டையே தழுவிய ஒரு தேர்தலுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊரில் தீர வேண்டிய சினம் ஊரிலேயே தீர வழியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வாக்கு எப்படிப் போயிற்று?

இளைய தலைமுறையினர் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். இந்த நாட்டில் முதன்முதலில் நடந்த தேர்தல்கள் நாடாளுமன்றத் தேர்தல்கள் அல்ல, ஊராட்சித் தேர்தல்களே. 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராண்மைக் கழகத்திற்கும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்திற்கும் தேர்தல் நடந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் மூத்தோர் வாக்களிக்கக் கற்றது தங்கள் ஊருக்காகத்தான்.

1965ஆம் ஆண்டில், இந்தோனேசியாவுடன் ‘கொன்புரொந்தாசி’ எனப்பட்ட மோதல் நிலவிய வேளையில், அவசரக்கால விதிகளின்படி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தல் நடத்தப்படும் என்ற உறுதி அப்போது நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. மோதல் 1966இல் முடிவுக்கு வந்தது. தேர்தல் திரும்பவில்லை.

இங்கே தமிழர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஊராட்சி மன்றங்களின் செயல்பாட்டை ஆராய 1965இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் வழக்கறிஞரும் ம.இ.கா. தலைவர்களுள் ஒருவருமான செனட்டர் டத்தோ ஆதி நாகப்பன். மன்றங்களின் குறைபாடுகளை எல்லாம் ஆராய்ந்த அவ்வாணையம் 1968இல் அறிக்கையை அளித்தது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சியே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆளுங்கூட்டணிக்குள் இருந்த ஒருவர் தலைமையில் அமைந்த ஆணையமே இவ்வாறு சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை.

பின்னர் வந்தது 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. அதன் 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் தொடர்பான சட்ட விதிகளைச் செயலற்றவை ஆக்கியது. 10ஆம் பிரிவின்படி, தலைவர் நீங்கலாக எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மிகாமலும் உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சியில் பட்டறிவு உடையவர், தொழில்துறையில் சிறந்தவர், தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் ஆற்றல் உள்ளவர் என அச்சட்டம் தகுதிகளைக் கூறுகிறது. நடைமுறையில், மாநிலத்தை ஆளும் கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பங்கிட்டுக்கொள்வதே வழக்கம். எந்தக் கூட்டணி வந்தாலும் இதுதான் நிலை.

2008க்குப் பின் சில மாநிலங்களில் ஆட்சி மாறியபோது நம்பிக்கை பிறந்தது. பினாங்கு மாநிலம் 2012இல் ஊராட்சித் தேர்தலுக்காகத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால், அவ்வாறு தேர்தல் நடத்த மாநிலத்திற்கு அதிகாரமில்லை என 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018இல் கூட்டரசிலேயே ஆட்சி மாறியது. ஊராட்சி அமைச்சு தேர்தலை மீட்கப் போவதாகப் பேசியது. அவ்வாண்டு டிசம்பரில், இனப்பூசலுக்கு வழிவகுக்கும் என்று சொல்லி அன்றைய பிரதமர் அதை மறுத்துவிட்டார். ‘மூன்றாவது வாக்கு’ என்று நாம் அழைக்கும் அந்த உரிமை, எதிர்க்கட்சியாக இருக்கும்போது முழங்கப்பட்டு, ஆளுங்கட்சியானதும் அமைதியாகிவிடுகிறது.

பிரதமராகப் போகிறவருக்கு வாக்குண்டு, கால்வாய்க்கு இல்லை

போர்ட்டிக்சனை நான் எடுத்துக்காட்டாகக் கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2018ஆம் ஆண்டு பொதுத்தேர்தலில் அத்தொகுதியில் வென்ற டேனியல் பாலகோபால் அப்துல்லா பதவி விலகியதால் இடைத்தேர்தல் வந்தது. அக்டோபர் 13ஆம் நாள் நடந்த அந்த எழுமுனைப் போட்டியில் அன்வார் இப்ராகிம் வென்று நாடாளுமன்றம் திரும்பினார். நாடே அந்தச் சிறுநகரை உற்றுநோக்கியது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவர் வேறொரு தொகுதியில் வென்று நாட்டின் பிரதமரானார்.

அதாவது, பிரதமராகப் போகின்ற ஒருவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பும் தகுதி அவ்வூர் வாக்காளர்க்கு உண்டு. ஆனால், தம் தெருவின் கால்வாய்க்கும் கடற்கரையின் கழிப்பறைக்கும் யார் பொறுப்பேற்பது என்று முடிவு செய்யும் தகுதி மட்டும் அவர்க்கு இல்லை! பெரிய தேர்வில் தேறியவரைச் சிறிய தேர்வுக்கு அமரவிடாத விந்தை இது.

கடலோரச் சுற்றுலா ஊரில் இந்த உரிமை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வார இறுதியில் வந்து போகின்றவர்க்காகக் கடற்கரை முகப்பை அழகுபடுத்துவதா? நாள்தோறும் அங்கேயே வாழ்கின்றவர்க்காகப் பின்புறத் தாமானின் கால்வாயை ஆழப்படுத்துவதா? இரண்டும் வேண்டியவையே. ஆனால், கையிலுள்ள பணத்தில் எதற்கு முதலிடம் என்ற முடிவு வெறும் பொறியியல் முடிவன்று; அது யாருடைய நலன் முதன்மையானது என்ற முடிவு. வந்து போகின்றவர் மனநிறைவு அடையாவிட்டால் வணிகர்கள் குரல் எழுப்புவார்கள். குடியிருப்பவர் மனநிறைவு அடையாவிட்டால்? அவர் இன்னொரு புகார்க் கடிதம் எழுதலாம்.

எதிர்வாதங்கள்

ஊராட்சித் தேர்தல் வேண்டாம் என்போர் கூறும் காரணங்களையும் நேர்மையாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

1. செலவு அதிகம் என்கின்றனர். சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து, மூன்றாவது ஒரு வாக்குச் சீட்டைக் கொடுத்தால் பெருமளவு செலவு குறையும். வாக்குச் சாவடியும் ஒன்றே, வாக்காளர் பட்டியலும் ஒன்றே.

2. இனப்பூசல் வரும் என்கின்றனர். நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் தேர்தல் நடத்தும் நாடு, கால்வாய்க்கும் தெருவிளக்குக்கும் தேர்தல் நடத்தினால் மட்டும் பிளவுபடுமா? தாழ்வான தாமானில் வெள்ளம் வந்தால் அது மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, இந்தியர் வீடு என்று பார்த்து நுழைவதில்லை. உள்ளூர்ச் சிக்கல்கள்தாம் இனங்களை ஒரே வரிசையில் நிற்க வைப்பவை.

3. மூன்றாவது வாதம் நம் சமுதாயத்திற்குள்ளேயே எழுவது. நியமன முறையில் கட்சி ஒதுக்கீட்டின் வழி இந்தியர் சிலர் கவுன்சிலர் ஆகின்றனர். தேர்தல் வந்தால், எங்கும் சிறுபான்மையாக இருக்கும் நமக்கு அதுவும் கிடைக்காமல் போகுமே என்ற அச்சம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், வரலாறு வேறொன்றையும் காட்டுகிறது. 1957இல் ஜார்ஜ்டவுன் மாநகரானபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் டி.எஸ். இராமநாதன். சீனர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஈப்போவில், சீனிவாசகம் சகோதரர்கள் தலைமையேற்ற கட்சி ஊராட்சித் தேர்தலில் வென்று நகரத்தை நடத்தியது. மக்கள் இனம் பார்த்து மட்டும் வாக்களிப்பார்கள் என்றால் இவை நடந்திருக்குமா?

ஒதுக்கீட்டின் வழி வரும் கவுன்சிலர் நல்லவராகவே இருக்கலாம். பலர் இரவு பகல் பாராமல் உழைப்பதையும் அறிவோம். ஆனால், அவரை அமர்த்தியது கட்சி. அவரை நீக்குவதும் கட்சி. அவருடைய பதவிக்காலம் ஒரு முறைக்கு மூன்றாண்டுக்கு மேல் இல்லை. புதுப்பிக்கப்படுமா என்பது மேலிடத்தின் கையில். மக்களுக்காகக் குரல் உயர்த்திப் பதவியை இழந்தால், மக்களால் அவரை மீண்டும் அமர்த்த முடியாது. நல்லவருக்கும் இது நீதியன்று. பேருக்கு ஓர் இந்தியர் அமர்ந்திருப்பதைவிட, எந்த இனத்தவராயினும் நம் வாக்கை வேண்டி நம் தெருவுக்கு வந்தாக வேண்டியவர் அமர்வதே நமக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

வாக்கு வரும் வரையில்...

வாக்கு என்று திரும்பும் என்று சொல்ல முடியாது. அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. இருக்கின்ற சட்டத்திலேயே நாம் பயன்படுத்தாத கதவுகள் சில உள்ளன.

1. சட்டம் 171இன் 23ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறந்தவை. மூடிய கூட்டமாக நடத்துவதானால் மன்றம் அதற்கெனத் தீர்மானம் செய்ய வேண்டும். செயற்குழுக் கூட்டங்களுக்கு இது பொருந்தாது. குடியிருப்பாளர் பத்துப் பேர் பார்வையாளராகச் சென்று அமர்ந்தாலே கூட்டத்தின் போக்கு மாறும்.

2. வீட்டின் மதிப்பு உயர்த்தப்பட்டுப் புதிய மதிப்பீட்டு அறிவிப்பு வந்தால், முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுகிறோம். 142ஆம் பிரிவின்படி எழுத்து வழி மறுப்புத் தெரிவிக்கலாம். விசாரணைக்குக் குறித்த நாளுக்குப் பதினான்கு நாள்களுக்கு முன்னரே அது சென்று சேர வேண்டும். முடிவு நிறைவளிக்காவிட்டால் உயர்நீதிமன்றம் வரை செல்லலாம்.

3. 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, வட்டாரத் திட்டத்தின் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எந்த இடம் வீடாகும், எந்த இடம் தொழிற்சாலையாகும், எங்கே வழிபாட்டு நிலம் என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் முடிவாகிறது. கோயில் நிலத்திற்குச் சிக்கல் வந்தபின் ஓடுவதைவிட, வரைவு பார்வைக்கு வரும்போதே சென்று கருத்துரைப்பது அறிவுடைமை.

4. தனியாள் கடிதத்திற்குத் தனியாள் பதில்தான் வரும். சங்கப் பதிவகத்தில் முறையாகப் பதிவுபெற்ற குடியிருப்பாளர் சங்கம் எழுதினால் அது கோப்பாகிறது. அந்தச் சங்கம் எல்லா இனத்தாரும் சேர்ந்ததாக இருக்கட்டும். கோயில் நிருவாகத்தில் காட்டும் ஆர்வத்தில் பத்தில் ஒரு பங்கைக் குடியிருப்பாளர் சங்கத்தில் காட்டுவோமே!

5. புகார் செய்யும்போது நாள், நேரம், இடம், படம், புகார் எண் ஆகிய ஐந்தையும் குறித்துவையுங்கள். எந்தத் துறைக்குரியது என்று முதலில் அறிந்துகொள்ளுங்கள். கடல் ஏறிய நேரத்தில் நீர் தேங்கியதா, இறங்கிய நேரத்திலும் தேங்கியதா என்று குறித்தால், குறை கடைவாயிலிலா தெருக் கால்வாயிலா என்பதை ஓரளவு கணிக்கலாம். அதன்பின் ‘எங்கள் பொறுப்பன்று’ என்று தட்டிக்கழிப்பது கடினம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரசுக்கான கடிதங்கள் மலாய் மொழியில் அமைகின்றன. தோட்டத்திலிருந்து வந்த தாத்தா பாட்டிகளுக்கு அலுவல் மலாய் எளிதன்று. அவர்களுக்காக எழுதித் தருகிறவர்கள் நம் பழைய மாணவர்களே. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்தவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்க்கப்படுகின்றனர். ஆறாம் ஆண்டில் நம்மிடம் இருக்கும் பிள்ளை, ஆறே ஆண்டுகளில் வாக்காளர்!

ஆகவே, அலுவல் கடிதம் கற்பிக்கும்போது சற்றுக் கூடுதலாகச் செய்வோம். பெறுநர் என்ற இடத்தில் யாரை எழுத வேண்டும் என்று அவர்களே தேடிக் கண்டறியட்டும். பள்ளிக்கு முன்னால் ஓடும் கால்வாய் எங்கே போய் முடிகிறது என்று ஒரு வரைபடம் வரையட்டும். எந்தெந்த இடத்தில் எந்தத் துறையின் பொறுப்பு தொடங்குகிறது என்று வண்ணம் தீட்டட்டும். இதில் அரசியல் ஏதுமில்லை. இது குடிமைக் கல்வி. ‘தாங்கள் ஆவன செய்வீர்களாக’ என்று கெஞ்சி முடிக்காமல், ‘எந்த நாளுக்குள் செய்வீர்கள் என்று அறிய விரும்புகிறோம்’ என்று முடிக்கக் கற்பிப்போம். பணிவு குறையாமலும் உரிமையோடு கேட்க முடியும்.

ஊர் என்பது நாட்டின் கடைசிப் படி அன்று, முதல் படி. 1951இல் நம் மூத்தோர் அந்தப் படியில்தான் காலை வைத்து மக்களாட்சிக்குள் நுழைந்தார்கள். அந்தப் படியை 1965இல் எடுத்து வைத்துவிட்டார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்த முறை எந்தக் கட்சியின் வேட்பாளர் உங்கள் தாமானுக்கு வந்து கைகுவித்தாலும், கால்வாயைக் காட்டி ஒரு வேண்டுகோள் வையுங்கள். அதோடு நில்லாமல், ‘எங்கள் மூன்றாவது வாக்கை மீட்டுத் தர உங்கள் கட்சி ஒப்புக்கொள்கிறதா, இல்லையா?’ என்றும் கேளுங்கள். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை வாங்காமல் விடாதீர்கள்.

கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம்!